பழைய முகவரியை யார் தட்டிப் பார்க்கப்போகிறார்கள்?

இந்தத் தொழிலுக்கு வந்தபோது எனக்கு வயது நாற்பத்தெட்டு. அதற்கு முன் இருபத்து மூன்று ஆண்டுகள் தாம்பரத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தேன். புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அந்தக் காலத்துல எப்படி சார் வெப்சைட் பண்ணீங்க?" என்று கேட்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிற ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். இன்று சொல்லப்போவதில் சிரிக்க அதிகமில்லை. இதில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது, அதை மறைக்கச் சொன்ன பொய் ஒன்று இருக்கிறது. எது பெரியது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. இரண்டையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் நூலகத்தைப் பற்றிச் சில வரிகள். ஒரு புத்தகத்தை அதன் இடத்திலிருந்து எடுத்து வேறு அலமாரிக்கு மாற்றினால், பழைய இடத்தில் புத்தகக் கனத்தில் ஒரு மரக்கட்டையை வைப்போம். அதன் முதுகில் ஒட்டிய காகிதத்தில் புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கும். கட்டை வைக்க மறந்த உதவியாளர்களை நான் பலமுறை கடிந்துகொண்டிருக்கிறேன். "இடம் காலியா இருந்தா தேடி வர்றவன் என்ன நினைப்பான்? நம்மகிட்ட இல்லைன்னு நினைச்சுட்டுப் போயிடுவான். வந்து கேக்கக்கூட மாட்டான்" என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கல்லூரியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு, குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, இணையதளங்கள் செய்து தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். கீழே மருந்துக்கடை, மேலே இரண்டாம் மாடியில் நாங்கள் ஆறு பேர். மின்சார ரயில் போகும்போது தொலைபேசியில் பேசுபவர்கள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார்கள். நிரல் எழுதும் வேலையில் எனக்கு அடுத்தபடியாக இருந்தவர் கல்பனா. முப்பத்தைந்து வயது, பல்லாவரத்திலிருந்து வருவார். அதிகம் பேச மாட்டார். பேசினால் கேட்டுக்கொள்வது நல்லது என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் தனசேகர். தாம்பரத்தின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இவர் காலத்தில் ஒரு கல்யாண மண்டபமும் நான்கு கடைகளும் எழுந்திருந்தன. இணையம் வந்ததும், தென்சென்னைப் புறநகருக்கென்று ஒரு தகவல் தளம் தொடங்கினார். மண்டபம், வாடகை வீடு, டியூஷன், பிளம்பர் என்று ஏறக்குறைய நாலாயிரம் பக்கங்கள். அதில் ஒரு சின்னப் பகுதி 'காணவில்லை'. காணாமல் போனவர்களைப் பற்றிய அறிவிப்பைக் கட்டணமில்லாமல் போடலாம். அது தனசேகரின் யோசனை. "அதுக்குப் போய் யாராச்சும் காசு வாங்குவானா சார்?" என்றார். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒரு ஜூன் மாதக் காலையில் வித்யா என்ற பெண் அந்தப் பகுதிக்காக எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். அஸ்தினாபுரத்தில் வீடு, ஒரு நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. அவருடைய அப்பா ஜெகந்நாதன் புறநகர் ரயில் நிலையங்களில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. இரண்டு ஆண்டுகளாக நினைவு மங்கிக்கொண்டு வந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன், டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கியவர் திரும்பவில்லை.

வித்யா கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்ததில் முகம் மைத்தீற்றலாக இருந்தது. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

"இதுக்கு மேல தெளிவா வரலை சார். கலர்ல அடிக்கலாம்னா ஆயிரக்கணக்குல ஒட்ட முடியாது" என்றார்.

அதற்கு வழி சொன்னவன் நான். கலர் படமும் முழு விவரமும் எங்கள் பக்கத்தில் இருக்கட்டும், நோட்டீஸின் அடியில் அந்தப் பக்கத்தின் முகவரியை அச்சடியுங்கள் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். ஆள் கிடைத்து மாதக்கணக்கான பிறகும் போன் வந்துகொண்டே இருக்கிறது என்று முன்பு சில குடும்பங்கள் வருத்தப்பட்டிருந்தன. அதனால் 'ஆள் கிடைத்தவுடன் இந்தப் பக்கம் நீக்கப்படும்' என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன். தளத்தில் அதுதான் வழக்கமும். முகவரியை ஒரு துண்டுத்தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். தளத்தின் பெயர், ஒரு சாய்கோடு, ஒரு கேள்விக்குறி, ஒரு சமக்குறி, கடைசியில் 1187.

பக்கத்தில் போட வேண்டிய விவரத்தை வித்யா சொல்ல, கல்பனா தட்டிக்கொண்டே வந்தார்.

"வேற ஏதாச்சும் அடையாளம் இருக்கா மேடம்? மச்சம், தழும்பு?"

வித்யா யோசித்தார். "யாரைப் பார்த்தாலும் எங்க போகணும்னு கேப்பார். சிங்கிளா, ரிட்டனான்னு கேப்பார். எங்க அம்மா காபி கொண்டுபோய்க் குடுத்தாக்கூட கேப்பார்."

"அம்மா என்ன சொல்வாங்க?"

"பீச்சுக்கு ஒரு ரிட்டன்னு சொல்வாங்க. சில்லறையா குடும்மான்னுவார்." சிரித்துக்கொண்டே சொன்னவர் பாதியில் கைக்குட்டையைத் தேடினார்.

அதையும் பக்கத்தில் போட்டோம். நோட்டீஸில் அதற்கு இடமில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஆடி மாதத்து நடுவில் தனசேகர் கோபமாக வந்தார்.

"இன்னா சார் இது? தாம்பரம் மண்டபம்னு தேடுனா நம்ம சைட்டு எங்க கீது தெரியுமா? அஞ்சாவது பக்கத்துல கீது. அஞ்சாவது பக்கத்துக்கு எவன் சார் போவான்? பொண்ணு வூட்டுக்காரன் மொத பக்கத்துலயே மண்டபத்தப் புடிச்சிட்டு தாம்பூலம் மாத்திடுவான்."

கல்பனா சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

"சிரிக்காதம்மா. ஆடியில எவனும் கல்யாணம் பண்ண மாட்டான், இப்ப ஒண்ணும் தெரியாது. ஆவணி பொறந்துச்சுன்னா ஒவ்வொரு மண்டபக்காரனும் என் சட்டையத்தான் புடிப்பான். அதுக்குள்ள மேல வரணும். இல்லன்னா சொல்லிடுங்க, நாவலூர்ல சின்னப் பசங்க கம்பெனி ஒண்ணு கீது, அவங்க ஒரே வாரத்துல பண்ணித் தரேன்றாங்க."

சின்னப் பசங்க என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த அறையில் எல்லோரையும்விட வயதானவன் நான். புத்தகம் பார்த்துத் தொழில் கற்ற நூலகரால் இது முடியாது என்று அவர் நினைக்கிறாரோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். அந்த நாட்களில் கேள்விக்குறியும் எண்ணும் கொண்ட முகவரிகளைத் தேடுபொறிகள் சரியாகப் படிப்பதில்லை என்பது தொழிலில் எல்லோரும் சொல்லிவந்தது. 1187 என்ற எண் ஒரு மனிதருக்கும் எதையும் சொல்லாது, இயந்திரத்துக்கும் சொல்லாது. அதற்குப் பதிலாக முகவரியிலேயே ஊர் பெயர், பகுதியின் பெயர், பக்கத்தின் தலைப்பு எல்லாம் சொற்களாக வர வேண்டும். நாலாயிரம் பக்கங்களுக்கும் அப்படி மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். அதற்கான விதிகளைக் கல்பனா நிரலில் எழுதினார். நன்றாக எழுதினார். ஆவணி பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது எல்லாம் தயார்.

அன்று மதியம் கல்பனா என் மேசைக்கு வந்தார்.

"சார், பழைய லிங்க் எல்லாம் என்ன பண்றது?"

பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் தானாகவே அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நூலகத்து மரக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒவ்வொரு நம்பருக்கும் புது அட்ரஸ் என்னன்னு பட்டியல் போடணும். போட்டுப் பார்த்தேன், சைட் ரொம்ப மெதுவாகுது. வேற மாதிரி பண்ணணும். நாலு நாள் குடுங்க சார்."

"நாலு நாள் ஆச்சுன்னா ஆவணி வந்துடும் கல்பனா."

"இல்ல சார், யாராச்சும் பழைய அட்ரஸ்ல வந்தா?"

"தேடுபொறி பத்து நாள்ல புதுசக் கத்துக்கும். கேள்விக்குறியும் சமக்குறியுமா இருக்கறத யார் கையால தட்டிப் பார்க்கப்போறாங்க?"

அவர் ஒரு நிமிடம் நின்றார். "சரி சார்" என்று போனார்.

அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ முறை திரும்ப வாழ்ந்துவிட்டேன். வித்யாவுக்குத் துண்டுத்தாளில் முகவரி எழுதிக் கொடுத்த அதே பேனா என் சட்டைப்பையில் இருந்தது. நினைவுக்கே வரவில்லை. என் மனதில் அப்போது முகவரி என்பது இயந்திரம் படிக்கிற ஒன்றாக மட்டும் ஆகிவிட்டிருந்தது. அவசரத்தில் நாம் தவறான பதில் சொல்வதைவிட, கேள்வியையே சுருக்கிக்கொள்கிறோம். கல்பனா மனிதர்களைப் பற்றிக் கேட்டார், நான் தேடுபொறியைப் பற்றிப் பதில் சொன்னேன்.

மறுநாள் புது முகவரிகள் நடைமுறைக்கு வந்தன. தளத்துக்குள் நுழைந்து போகிறவர்களுக்கு எல்லாப் பக்கமும் ஒழுங்காக வந்தது. பழைய முகவரியை அப்படியே தட்டியவர்களுக்கு மட்டும் 'இந்தப் பக்கம் இல்லை' என்ற ஒற்றை வரி வந்தது.

ஆவணி முதல் வாரத்தில் தளம் முதல் பக்கத்துக்கு ஏறிவிட்டது. தனசேகர் ஒரு பெரிய பெட்டி மைசூர்பாகுடன் வந்தார். "கலக்கிட்டீங்க சார்! வயசானவருன்னு நெனச்சேன், பின்னிட்டீங்க" என்று என் தோளைத் தட்டினார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

கல்பனா யாரிடமும் சொல்லாமல், மற்ற வேலைகளுக்கு இடையே அந்தப் பட்டியலைப் போட்டு முடித்தார். பதினோராம் நாள் பழைய முகவரிகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கின. "முடிச்சுட்டேன் சார்" என்றபோது "நல்லது" என்று சொல்லிவிட்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரம் வித்யா போன் செய்தார்.

"சார், அப்பாவோட பக்கத்த எடுத்தீங்களா?"

"இல்லையேம்மா. இருக்கே."

"நேத்து நாவலூர் பக்கம் நோட்டீஸ் ஒட்டப் போனேன் சார். ஒரு செக்யூரிட்டி வந்து, இன்னுமா கெடைக்கலை, நெட்ல எடுத்துட்டீங்களேன்னு கேக்கறார். அப்பா மாதிரியே ஒருத்தர் அங்க ஆறேழு நாள் இருந்திருக்கார் சார். இப்ப இல்லை."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அடுத்த மேசையிலிருந்து கல்பனா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... சர்வர் ரிப்பேர்ம்மா" என்றேன். "கொஞ்ச நாள் எல்லாருக்குமே வரலை. நம்ம கையில இல்லாத விஷயம்."

"ஓ. அப்படிங்களா." பிறகு, "பரவால்ல சார். நீங்க என்ன பண்ணுவீங்க. தேங்க்ஸ் சார்" என்று வைத்துவிட்டார்.

கல்பனா எழுந்து வந்தார். "சர்வர் நல்லாத்தானே சார் இருந்துச்சு?"

"இப்ப அதச் சொல்லி என்ன ஆகப்போகுது கல்பனா? பாவம், அந்தப் பொண்ணு மனசு இன்னும் உடைஞ்சு போகும்."

"யாரோட மனசு சார்?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாவலூருக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அது வேறு யாரோ ஒரு பெரியவராக இருந்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். கையில் ஜெகந்நாதனின் கலர் படம் இருந்தது.

அந்தச் செக்யூரிட்டியின் பெயர் கன்னியப்பன். ஐம்பது வயதிருக்கும். கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவர். முழங்கால் போனதால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக்குக் காவலாக இருந்தார். மனைவி இன்னும் மீன் விற்கிறார். படத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டார்.

"இவருதான் சார். அந்தா தெரியுது பாரு டீக்கட, அந்தப் பெஞ்சாண்டதான் நின்னுகினு இருப்பாரு. போறவன் வர்றவன எல்லாம் எங்க போவணும், சிங்கிளா ரிட்டனான்னு கேட்டுகினே இருப்பாரு. நம்ம சித்தாள் பசங்க சும்மா இருப்பானுங்களா? அமெரிக்காவுக்கு ரெண்டு குடு தாத்தாம்பானுங்க. கோச்சுக்க மாட்டாரு சார். அது இங்க குடுக்க மாட்டாங்கப்பா, எக்மோர்ல போய்க் கேளும்பாரு."

டீக்கடைக்காரர் அங்கிருந்தே, "என்னாண்ட தெனம் சில்லறை குடுன்னு சண்ட போடுவாரு சார். டீ குடிச்சது அவரு, சில்லறை நான் குடுக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"நோட்டீஸ்ல போன் நம்பர் இருந்துச்சே. ஏன் பண்ணலை?" என்று கேட்டேன். என் குரலில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. பழியில் ஒரு பங்கையாவது அவர் தலையில் இறக்கிவைக்க முடியுமா என்று பார்த்தேன்.

கன்னியப்பன் படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எந்தங்கச்சி புருஷன் கடலுக்குப் போயி வரல சார். மூணு தபா யாராரோ போன் பண்ணானுங்க, கெடச்சிட்டான் வாங்கன்னு. மூணு தபாவும் அது ஓடிச்சு. மூணு தபாவும் வேற ஆளு. அந்தப் பேஜாரு எனுக்குத் தெரியும். நோட்டீஸ்ல மூஞ்சி மசியாட்டம் கீது, இத வச்சிகினு எப்புடி பண்றது? அதான் கலர் போட்டோவப் பாத்துட்டு பண்ணலாம்னு எங்க சைட் என்ஜினியராண்ட போனேன். நான் ஒவ்வொரு எழுத்தா படிக்க அவரு தட்டுனாரு. ரெண்டு தபா தட்டுனாரு சார். பக்கம் இல்லன்னுச்சு."

"அப்புறம்?"

"நீங்கதான நோட்டீஸ்ல போட்டுகிறீங்க, ஆளு கெடச்சா பக்கத்த எடுத்துடுவோம்னு? சரி, அவரு கெடச்சிட்டாரு, இவரு வேற ஆளு போலன்னு நெனச்சேன். நல்லதாப் போச்சு, வூட்டுக்குப் போய்ட்டாருன்னு சந்தோசமாக்கூட இருந்துச்சு சார். அந்த நோட்டீஸக் கிழிச்சுட்டேன். கெடச்ச மனுசன் மூஞ்சி ஏன் செவுத்துல இருக்கணும்னு."

இரண்டு நாள் கழித்துக் காலையில் அவர் வேலைக்கு வந்தபோது பெஞ்சில் பெரியவர் இல்லை. சிறுசேரிப் பக்கம் நடந்து போனதாக டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

"நீ இன்னா சார் வேணும் அவருக்கு? சொந்தமா?" என்று கன்னியப்பன் கேட்டார்.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

வித்யாவின் குடும்பம் சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர் என்று தேடியது. நானும் பல ஞாயிற்றுக்கிழமைகள் தனியாக அந்தச் சாலையில் நடந்தேன். பேருந்து நிறுத்தங்கள், கோயில் வாசல்கள், கட்டட வேலை நடக்கும் இடங்கள். டீக்கடைகளில் நின்று, டிக்கெட் கேட்கும் பெரியவர் யாராவது வந்தாரா என்று விசாரித்தேன். ஜெகந்நாதன் கிடைக்கவில்லை. அதன் பிறகு அவரைப் பார்த்ததாக எவரும் சொல்லவில்லை. உயிரோடும் இல்லை, மற்றபடியும் இல்லை.

கல்பனா ஒரு மாதத்தில் வேலையை விட்டார். சிறுசேரியில் பெரிய கம்பெனியில் சேரப்போவதாகச் சொன்னார். விடைபெறும்போது என்னிடம் மட்டும் எதுவும் பேசவில்லை. நல்ல சம்பளத்துக்குப் போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து நானும் ஓய்வு பெற்றேன். வேலை இருந்தவரை, நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. வீட்டில் உட்கார்ந்த பிறகு அது இல்லாமல் போயிற்று. ஒரு நாள் காலை அஸ்தினாபுரத்துக்குப் புறப்பட்டேன். சொல்ல வேண்டியதைப் பேருந்தில் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

வித்யாதான் கதவைத் திறந்தார். உடனே அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எதிர்ச் சுவரில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று வயதான அம்மாளின் படம், அதற்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் ஜெகந்நாதன், எங்கள் பக்கத்தில் இருந்த அதே படம். அதற்கு மாலை இல்லை.

வரிசைப்படுத்திக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. "சர்வர் ரிப்பேர் இல்லைம்மா" என்று தொடங்கினேன். முகவரியை மாற்றியதும், பழையதை விட்டுவிடச் சொன்னதும், நாலு நாள் கேட்டவருக்கு மறுத்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு வித்யா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தெரியும் சார்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கல்பனா மேடம் அந்த வாரமே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாங்க. எங்க தப்புதான்னு சொன்னாங்க. உங்க பேரச் சொல்லலை. நாங்களா புரிஞ்சுக்கிட்டோம்."

"அப்புறம் ஏம்மா என்னை ஒரு வார்த்தைகூட கேக்கலை?"

"நான் கேக்கலாம்னுதான் சொன்னேன். அம்மா வேண்டாம்னுட்டாங்க. படிச்ச மனுஷன், அவரே வந்து சொல்லுவார், நாம போய்க் கேக்கக் கூடாதுன்னாங்க." அவர் சுவரைப் பார்த்தார். "ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க சார். கேட் சத்தம் கேட்டா எட்டிப் பாப்பாங்க. மொதல்ல அப்பாவான்னு பாப்பாங்க. இல்லன்னா நீங்களான்னு பாப்பாங்க. போன மாசியில போயிட்டாங்க. கடைசி வரைக்கும் பொட்டு வச்சிருந்தாங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். ஜெகந்நாதன் வீட்டுக்கு வராததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். நான் வராததற்கு ஒரு காரணமும் இல்லை. குரோம்பேட்டையிலிருந்து அஸ்தினாபுரம் ஆட்டோவில் கால்மணி நேரம்.

எழுந்திருக்கும்போது, "அந்தப் பக்கத்த எடுத்துடட்டுமாம்மா?" என்று கேட்டேன். பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வேதனையாக இருக்குமே என்று நினைத்தேன்.

"வேண்டாம் சார். எடுத்தா கெடச்சுட்டார்னு அர்த்தம். நாமளே பொய் சொல்லக் கூடாது இல்லையா?"

என்னைக் குத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இளைஞர்களான உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். முகவரியைச் சொற்களாக மாற்றியது தவறில்லை, இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனால் ஒரு முகவரியை மாற்றுவதற்கு முன், அது எந்தத் தாளில் அச்சாகியிருக்கிறது, யாருடைய பையில் மடித்து வைத்திருக்கிறது என்று கேளுங்கள். பக்கம் வரவில்லை என்றால் வந்தவர் சும்மா திரும்பிப் போவதில்லை. அந்த வெறுமைக்கும் ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டு போகிறார். அது என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். உங்களோடு வேலை செய்பவர் நாலு நாள் கேட்டால், எதற்காகக் கேட்கிறார் என்று முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தவறு நடந்துவிட்டால், அன்றைக்கே ஆட்டோ பிடியுங்கள்.

தனசேகரின் தளம் அதன் பிறகு அதிக காலம் ஓடவில்லை. பெரிய தளங்கள் வந்துவிட்டன, மண்டபக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். அவர் மூடிவிடப்போவதாகச் சொன்னபோது தளத்தின் பெயரை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "இத்த வச்சிகினு இன்னா சார் பண்ணப்போற?" என்று சிரித்தார். நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்தி, "எடுத்துக்க சார்" என்றார். நாலாயிரம் பக்கங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது. சொற்களால் ஆன புது முகவரியில் போனாலும் வரும், கேள்விக்குறியும் 1187-ம் கொண்ட பழைய முகவரியில் போனாலும் வரும். தினமும் காலையில் பழைய முகவரியைத்தான் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பார்க்கிறேன். படம் வரும்வரை காத்திருக்கிறேன். ஜெகந்நாதனுக்கு இப்போது நூறு வயதை நெருங்கியிருக்கும்.

ஆண்டுதோறும் கட்டணம் கட்டி அந்தத் தளத்தின் பெயரைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பக்கம் போய்விடும். எனக்கும் வயதாகிறது, சில நாட்களில் மாத்திரை போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. அதனால் சென்ற மாதம் கல்பனாவைத் தேடிப் போனேன். அவருக்கும் தலை நரைத்திருக்கிறது. எனக்குப் பிறகு இதைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"இத எழுதுங்க சார். நம்ம தொழில்ல இருக்கறவங்க படிக்கற மாதிரி எழுதுங்க. சர்வர்னு எழுதிடாதீங்க."

எழுதிவிட்டேன், கல்பனா.